நமீபியாவில் மான் வேட்டை: .30-06 துப்பாக்கிக்கு எந்தக் குண்டைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி – கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். டர்பனில் குடியேறிவிட்ட என் பெரியம்மா மகன், வருகிற ஜூலையில் நமீபியாவில் உள்ள ஒரு வேட்டைப் பண்ணைக்குத் தன்னோடு வருமாறு அழைத்திருக்கிறார். நம் மலையில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வேட்டை முடிந்தது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அங்கோ, அனுமதி பெற்று, வழிகாட்டி காட்டுகிற விலங்கை மட்டும் சுடுவது சட்டப்படியே நடக்கிறது.

ஒரு ஸ்பிரிங்பாக், ஒரு ஓரிக்ஸ், ஒரு குடூ என்று மூன்றுக்குப் பேசி வைத்திருக்கிறார். துப்பாக்கி அண்ணனுடைய .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட். நான் இதுவரை அட்டை இலக்கை மட்டுமே சுட்டவன். ஸ்பிரிங்பாக் 40 கிலோவைத் தாண்டாது, குடூ கிடாவோ 250 கிலோ வரை வரும் என்கிறார்கள். இரண்டையும் ஒரே குண்டால் சுட முடியுமா? குண்டின் எடை 150 கிரெய்ன் போதுமா, 180 வேண்டுமா? கடையில் கிடைக்கும் சாதாரண ஈயக் குண்டே போதும் என்று அண்ணன் சொல்கிறார். ஓர் உயிரை எடுப்பதென்றால் அது ஒரே குண்டில், வலி நீளாமல் முடிய வேண்டும் என்ற கவலையில்தான் கேட்கிறேன்.

பதில் – குன்னூர்

ஐயா, நமீபியாவில் இத்தகைய பண்ணை ஒன்றில் ஏழு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். தோலுரிக்கும் கொட்டகையில் மாலைதோறும் இறைச்சியை எடை போட்டுப் பதிவு செய்வது என் வேலையாக இருந்ததால், எந்தக் குண்டு உள்ளே என்ன செய்தது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

எடையைவிட முதலில் பார்க்க வேண்டியது குண்டின் கட்டமைப்பு. சாதாரணக் குண்டு என்பது மெல்லிய செம்பு உறைக்குள் ஈயத்தை அடைத்தது. இரண்டுக்கும் இடையே பிடிப்பு கிடையாது. விலா எலும்புகளுக்கு நடுவே நுழைந்தால் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் குறி நான்கு விரல் முன்னே தள்ளித் தோளின் சப்பை எலும்பில் பட்டுவிட்டால், அதுவும் நூறு மீட்டருக்குள் வேகம் குறையாமல் பட்டால், உறை தனியாகவும் ஈயம் தனியாகவும் பிரிந்துவிடும். ஒரு முறை விருந்தினர் ஒருவர் 150 கிரெய்ன் சாதாரணக் குண்டால் ஓரிக்ஸைச் சுட்டார். காலையில் அடிபட்ட விலங்கைச் சூரியன் சாயும் நேரத்தில்தான் கண்டுபிடித்தார்கள். தோலை உரித்தபோது சப்பையின் மேலே உள்ளங்கை அகலத்துக்குச் சதை கூழாகிக் கிடந்தது; அதன் அடியில் விலா எலும்பு கீறல்கூட இல்லாமல் இருந்தது. மார்புக்கூட்டுக்குள் ஒரு துணுக்கும் போகவில்லை. அந்தச் சப்பையை நான் மறக்கவில்லை.

ஆகவே, ஈயமும் உறையும் ஒட்டவைக்கப்பட்ட குண்டு, நடுவில் தடுப்புச் சுவர் உள்ள குண்டு, முழுவதும் செம்பாலான குண்டு ஆகிய மூன்றில் ஒன்றை எடுங்கள். 1948-இல் விற்பனைக்கு வந்த நாஸ்லர் பார்ட்டிஷன் இரண்டாம் வகை: முன்பாதி விரிந்து சிதறினாலும், சுவருக்குப் பின்னால் உள்ள ஈயம் கட்டி குலையாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம் அதே சுவரோடு ஒட்டுதலும் சேர்ந்தது. மூன்று விலங்குகளில் பெரியதை வைத்தே குண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குடூவுக்குப் போதுமானது ஸ்பிரிங்பாக்குக்குக் கூடுதல்தான் என்றாலும், அதனால் கெடுதி இல்லை. அண்ணனின் துப்பாக்கியில் 180 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 11.7 கிராம் குண்டைச் சுட்டால், குழல் வாயில் ஏறத்தாழ 3,900 ஜூல் ஆற்றல் கிடைக்கும். குடூவுக்கும் ஓரிக்ஸுக்கும் நமீபிய விதி கேட்பது 2,700 ஜூல்.

பதில் – மசினகுடி

குன்னூர் நண்பர் சொன்ன மூன்றில் முழுச்செம்புக் குண்டையே நான் வலியுறுத்துவேன். காரணம் பாறு கழுகுகள். ஈயக் குண்டு எலும்பில் பட்டு உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றிச் சாண் தூரம் வரை பரவுகின்றன; எக்ஸ்ரே எடுத்தால் அவை விண்மீன்களைப் போல வெள்ளையாகத் தெரியும். வேட்டையாடிய இடத்தில் விட்டுச்செல்லும் குடலையும் கழிவையும் தின்ன முதலில் இறங்குபவை கழுகுகள். அவற்றின் இரைப்பை அமிலம் எலும்பையே கரைக்கும். ஈயத் துகளைக் கரைத்து இரத்தத்தில் கலக்க அதற்கு நேரம் ஆகாது. இதற்காகவே கலிஃபோர்னியாவில் 2019 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள்.

மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி மருந்தால் பாறுகள் அழிந்ததை நாம் பார்த்தோம். 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்த பிறகும், மாயாற்றங்கரை நீர்மருத மரங்களில் எஞ்சிய கூடுகளை இன்றைக்கும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கரையிலிருந்து போகிற ஒருவர் அங்குள்ள கழுகுக்கு நஞ்சு வைத்துவிட்டு வரக் கூடாது. தவிர, அந்த இறைச்சியைப் பண்ணையில் வேலை செய்பவர்களின் குழந்தைகளும் சாப்பிடுவார்கள்.

பதில் – கொடைக்கானல்

மசினகுடி நண்பரின் கருத்தை ஏற்கிறேன். ஆனால் செம்பு என்றால் 180 கிரெய்ன் தேவையில்லை என்பது என் எண்ணம். ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது. ஆகவே ஒரே எடையில் செம்புக் குண்டு நீளமாகிவிடும், தோட்டாவுக்குள் வெடிமருந்துக்கான இடத்தையும் பிடித்துக்கொள்ளும். மேலும், அது நான்கு இதழாக மலர்ந்தாலும் எடையை ஏறக்குறைய முழுவதுமாகத் தக்கவைத்துக்கொள்ளும். பாதி வழியில் எடை இழக்கிற 180 கிரெய்ன் ஈயக் குண்டைவிட, எடை இழக்காத 165 அல்லது 168 கிரெய்ன் செம்புக் குண்டு ஆழமாகவே போகும். பார்ன்ஸ் நிறுவனத்தின் செம்புக் குண்டுகளில் இந்த எடை எளிதாகக் கிடைக்கிறது.

ஒன்றில் கவனம் வேண்டும். குண்டை மாற்றினால் குறியும் மாறும். அண்ணன் ஈயக் குண்டுக்குச் சரிசெய்து வைத்த தொலைநோக்கியை அப்படியே நம்ப வேண்டாம். எந்தக் குண்டைக் கொண்டுபோகிறீர்களோ, அதே பெட்டியிலிருந்து எடுத்து நூறு மீட்டரில் சுட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். குழலில் பழைய செம்புப் படிவு இருந்தால் முதலில் நன்றாகத் துடைத்துவிடுங்கள். அங்கே மேசை கிடையாது. மூன்று கால் குச்சியின் மேல் துப்பாக்கியை வைத்து, நின்றபடி சுட வேண்டியிருக்கும். ஊருக்கு வெளியே தைல மரக் குச்சி மூன்றைக் கட்டி வைத்துக்கொண்டு, தோட்டா இல்லாத துப்பாக்கியோடு தினமும் கால் மணி நேரம் பழகினாலே பெரிய வேறுபாடு தெரியும்.

கேள்வி கேட்டவர் – கோத்தகிரி

மூவருக்கும் மிக்க நன்றி. 168 கிரெய்ன் செம்புக் குண்டு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன், அவரும் ஒப்புக்கொண்டார். இன்னும் ஓர் ஐயம். இவ்வளவு உறுதியான குண்டு, சிறிய ஸ்பிரிங்பாக்கில் மலராமலே துளைத்துக்கொண்டு போய்விடாதா?

பதில் – குன்னூர்

மலரும் ஐயா; .30-06 வேகத்தில் இருநூறு மீட்டருக்குள் அந்தக் கவலை வேண்டாம். ஆனால் துளைத்து மறுபக்கம் வெளியேறும் என்பது உண்மை. ஸ்பிரிங்பாக் கூட்டமாக மேயும். ஆகவே நீங்கள் குறிவைத்ததன் பின்னால் இன்னொன்று நிற்கிறதா என்று பார்த்து, அது விலகும்வரை காத்திருங்கள். காயப்பட்டு ஓடிய விலங்குக்கும் பண்ணையில் முழுத் தொகையைக் கட்ட வேண்டும்; அதைவிட, அது புதருக்குள் கிடந்து படும் பாடுதான் நம்மை உறங்க விடாது.

குறியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்குள்ள மான்களுக்கு இதயமும் நுரையீரலும் நாம் நினைப்பதைவிட முன்னே, கீழே, இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கின்றன. விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் கோட்டைப் பிடித்து மேலே ஏறி, உடலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்துங்கள். ஓரிக்ஸுக்குத் தோளின் மேல் திமில் போல மேடு இருப்பதால், உடலின் நடு எது என்பதைக் கண் தவறாகக் கணக்கிடும். மேலே போன குண்டு முதுகெலும்பின் முட்களில் பட்டால் விலங்கு சுருண்டு விழும், ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் எழுந்து ஓடிவிடும். விழுந்துவிட்டது என்று துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமல், உடனே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளுங்கள். கிட்டே போவதானால் வழிகாட்டி சொல்லும்வரை நில்லுங்கள், பின்புறமாகவே போங்கள். அந்தக் கொம்பால் சிங்கத்தையே குத்திக் கொல்லும் விலங்கு அது.