பழைய வண்ணாரப்பேட்டை வாடகை வீடு, 10-க்கு 12 ஹால், ஒரே ஜன்னல்: அலங்காரமும் போட்டோவும் சரியா வர என்ன செய்யணும்?

வண்ணை_வாசல்:
எல்லாருக்கும் வணக்கம். தரைத்தள வீடு. ஹால் 10 அடிக்கு 12, உயரம் 9 அடி. தெருவைப் பார்த்து மேற்குப் பக்கம் 4 அடி ஜன்னல் ஒண்ணுதான். சுவர் வெளிர் பச்சை டிஸ்டம்பர், மேல ஒரு எல்இடி டியூப்லைட். கண்ணாடி வெச்ச ஸ்டீல் பீரோ, திவான், டிவி ஸ்டாண்ட் இவ்வளவுதான் சாமான். ஓனர் பெயிண்ட் அடிக்கலாம்னு சொல்றார், சுவர்ல ஆணி மட்டும் கூடாதாம்.

போனில் எடுத்தா பாதி அறை நீலம், பாதி மஞ்சள். சில படத்துல குறுக்கே கோடு கோடா விழுது. சுவரெல்லாம் சாய்ஞ்ச மாதிரி இருக்கு. ஒட்டுற ஹூக் எதுவும் நிக்கல, படத்தோட விழுந்துடுது. வடக்குச் சுவர்ல கீழே 2 அடிக்கு வெள்ளையா உப்புப் பூக்குது, அதை மறைக்க செங்கல் டிசைன் ஃபோம் ஸ்டிக்கர் ஒட்டலாம்னு இருக்கேன். சரியா வருமா?

ராயபுரம்_கேமரா:
சிஸ்டர், முதல்ல டியூப்லைட்டை அணைங்க. ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப் வேற நிறம். ரெண்டும் ஒரே படத்துல வந்தா போன் எதையாவது ஒண்ணைத்தான் வெள்ளைன்னு எடுத்துக்கும், இன்னொண்ணு நீலமாவோ மஞ்சளாவோ திரியும். அந்தக் கோடும் டியூப்பாலதான். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவு எல்இடி நொடிக்கு 100 தடவை மினுக்கும். ராத்திரி எடுத்தே ஆகணும்னா ப்ரோ மோடுல (கேமரா ஆப்ல அளவையெல்லாம் நாமளே வைக்கிற மோடு) ஷட்டர் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடியில வைங்க, கோடு போயிடும்.

மேற்கு ஜன்னலுக்கு நேரம் காலை 9-லிருந்து 11. உங்க ஜன்னல்ல நேர் வெயில் இருக்காது. ஆனா எதிர் வீட்டுச் சுவர் கிழக்கைப் பார்க்குது, அதுல வெயில் முழுசா அடிக்கும். நம்ம தெருக்களோட அகலத்துக்கு அந்தச் சுவர்தான் உங்களுக்குப் பெரிய விளக்கு. இங்கதான் பல பேர் கவனிக்க மாட்டாங்க: எதிர் வீடு ரோஸ் கலர்னா உங்க ஹாலுக்குள்ள வர்ற வெளிச்சமும் ரோஸ்தான். உள்சுவர் பச்சை வேற. ஒரு வெள்ளை ஏ4 தாளை திவான் மேல வெச்சுப் பாருங்க, ஜன்னல் பக்கம் ஒரு சாயல், உள்பக்கம் ஒரு சாயல் கண்ணுக்கே தெரியும். ப்ரோ மோடுல வெள்ளைச் சமநிலையை (WB-னு இருக்கும், நிறச் சாயலைச் சரி பண்ற அளவு) 5000 கெல்வின்ல ஆரம்பிச்சு, அந்தத் தாள் வெள்ளையா தெரியுற வரைக்கும் நகர்த்துங்க. அப்புறம் தாளை எடுத்துட்டு அதே அளவுல எல்லாப் படத்தையும் எடுங்க. சாயங்காலம் 3 மணிக்கு மேல நேர் வெயில் தரையில சதுரமா விழும், அந்த இடம் வெளுத்து மத்ததெல்லாம் இருட்டாயிடும். அப்போ எடுக்காதீங்க.

சுவர் சாயுறதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, அகலமா எடுக்கிற 0.5 லென்ஸ். ஓரத்துல இருக்கிற பீரோவை அது இழுத்து அகலமாக்கும். 1 எக்ஸ்ல வெச்சு, உள்ரூம் வாசப்படிக்கு அந்தப் பக்கம் போய் நின்னு எடுங்க. ரெண்டு, போனை மேலயோ கீழயோ சாய்க்கிறது. தரையிலிருந்து 4 அடி உயரத்துல, நேர் செங்குத்தா பிடிங்க. கேமரா செட்டிங்ல கட்டக் கோட்டை ஆன் பண்ணி, கதவு நிலையோட விளிம்பை அந்தக் கோட்டோட ஒட்டி வெச்சா போதும். மிச்சம் இருக்கிற சாய்வை ஸ்னாப்சீட் ஆப்ல பெர்ஸ்பெக்டிவ் வெச்சு நிமிர்த்திக்கலாம்.

ஃபேனை நிறுத்துங்க, லென்ஸைப் பருத்தித் துணியால துடைங்க, டைமர் 3 நொடி வைங்க.

தண்டையார்பேட்டை_பூச்சு:
அந்த ஸ்டிக்கர் வேண்டாம், தயவுசெஞ்சு ஒட்டாதீங்க. கீழ 2 அடியில பூக்குறது தரையிலிருந்து ஏறுற ஓதம். தண்ணி செங்கலுக்குள்ள உப்பைக் கரைச்சு மேல கொண்டு வருது, சுவர் மேல வந்து ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கி படிகமா வளருது. அதுதான் பூச்சைத் தள்ளி உதிர வைக்குது. ஃபோமோ, பிவிசி ஷீட்டோ, ஆயில் பெயிண்டோ வெச்சு அந்த இடத்தை மூடினா ஈரம் வெளிய போக வழியில்லாம இன்னும் மேல ஏறும். 2 அடியில இருக்கிறது 4 அடிக்குப் போயிடும், ஸ்டிக்கருக்குப் பின்னாடி பூஞ்சையும் பிடிக்கும்.

ஈரத்துணியால துடைக்கவும் கூடாது, உப்பு கரைஞ்சு திரும்ப உள்ள போகும். காய்ஞ்ச நார் பிரஷ்ஷால தேய்ச்சு, கீழ செய்தித்தாள் விரிச்சு உதிர்றதை வாரி வெளிய போட்டுடுங்க. மறுபடி பூத்தா மறுபடி தேய்க்கணும். அந்த 2 அடிக்கு மட்டும் சுண்ணாம்பு வெள்ளை அடிங்க, அது சுவரை மூச்சுவிட விடும். ஒண்ணு மட்டும் பாருங்க: கறை நேர்க்கோடா இல்லாம ஒரே இடத்துல வட்டமா இருந்தா பின்பக்கம் பாத்ரூம் குழாய் கசியுதுன்னு அர்த்தம். அதை ஓனர்தான் சரி பண்ணணும்.

மிச்சச் சுவரை உள்ளங்கையால தேய்ச்சுப் பாருங்க. கையில தூள் ஒட்டுச்சுன்னா ஹூக் ஏன் விழுதுன்னு புரிஞ்சிடும். பசை நல்லாத்தான் பிடிக்குது, டிஸ்டம்பர்தான் சுவரை விட்டு வருது. அதைச் சுரண்டி, பிரைமர் ஒரு கை, மேட் எமல்ஷன் ரெண்டு கை. உங்க அளவுக்குக் கதவு ஜன்னல் போக சுமார் 350 சதுர அடி வரும், எமல்ஷன் 3 லிட்டர் பிடிக்கும். பளபளப்பு வகை வேண்டாம், மேடு பள்ளமெல்லாம் தெரியும், போட்டோல ஜன்னல் வெளிச்சம் சுவர்ல பட்டையா அடிக்கும். பெயிண்ட் நல்லா இறுக 2, 3 வாரம் விட்டுட்டு ஹூக் ஒட்டுங்க.

பெரம்பூர்_திரை:
ஃபோம் ஸ்டிக்கர் ஏற்கெனவே வாங்கியிருந்தா டிவி ஸ்டாண்டோட பின்பலகையில ஒட்டிக்கலாம், மரத்துல நிக்கும்.

திரையை நான் பார்த்துக்கிறேன். சுவரைத் தொட வேண்டாம், ஜன்னல் மரச்சட்டத்துலயே கம்பிக்கான பிராக்கெட்டை ஸ்க்ரூ பண்ணலாம், ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. கடல் பக்கம்கிறதால இரும்புக் கம்பி துரு ஏறி திரையில கறை விடும். 304 எவர்சில்வர் கம்பியா பார்த்து வாங்குங்க. துணி வெள்ளை வாயில் (voile, வெளிச்சம் ஊடுருவுற மெல்லிய துணி), 48 இஞ்ச் அகலம், ரெண்டு திரை. 4 அடி ஜன்னலுக்கு அதுதான் ரெட்டை அகலம், மடிப்பு அழகா விழும். சட்டத்திலிருந்து தரை வரை 7 அடின்னா, மேல கீழ மடிப்புக்கு 20 செ.மீ., துவைச்சா சுருங்குறதுக்குக் கொஞ்சம் சேர்த்து மொத்தம் 5 மீட்டர். தைக்கிறதுக்கு முன்னாடி நனைச்சுக் காயப்போடுங்க. எம்.சி. ரோட்டுலயே கிடைக்கும், மொத்தமா வேணும்னா பாரிமுனை கோடவுன் தெரு.

ஜன்னல் அளவோட நிறுத்தாம தரை வரைக்கும் விட்டா 9 அடி ஹால் இன்னும் உயரமா தெரியும். ஆனா துணி தரையில படக்கூடாது, அரை இஞ்ச் மேலயே நிக்கட்டும், இல்லன்னா ஓதத்தை உறிஞ்சும்.

வண்ணை_வாசல்:
ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும். ஸ்டிக்கர் இன்னும் வாங்கல, விட்டுட்டேன். பீரோ கண்ணாடில நானே விழுறேன், அதுக்கு என்ன வழி? வடக்குச் சுவர்கிட்ட என்ன வைக்கலாம்?

ராயபுரம்_கேமரா:
பீரோவை ஜன்னலுக்கு நேர் எதிரே வைக்காம பக்கச் சுவருக்கு மாத்துங்க, தெற்குச் சுவர் சரியா இருக்கும். கண்ணாடிக்கு நேரா நிக்காம ஒரு மூலையில நின்னு ரெண்டு சுவர் மட்டும் படத்துல வர்ற மாதிரி எடுங்க. கண்ணாடில ஜன்னல் திரை தெரியுற கோணம் கிடைச்சா ஹாலுக்கு ரெண்டாவது ஜன்னல் வெச்ச மாதிரி இருக்கும். உள்மூலை இருட்டா இருந்தா ஒரு முழு தெர்மோகோல் ஷீட்டை, படத்துல விழாத இடத்துல, ஜன்னலைப் பார்த்து சாய்ச்சு வைங்க. ஜன்னல் திரையோட மடிப்பு தெரியுற வரைக்கும் போன்ல வெளிச்ச அளவை விரலால கொஞ்சம் கீழே இறக்குங்க.

தண்டையார்பேட்டை_பூச்சு:
வடக்குச் சுவர்கிட்ட இரண்டரை அடி உயரத்துல கால் வெச்ச பிரம்பு ஸ்டாண்ட் ஒண்ணு, அது மேல மணி பிளாண்ட். அது நிக்கிற அளவுக்கு உப்புப் பூக்கிற இடம் பின்னால போயிடும். சுவரைத் தொடாம 3 இஞ்ச் இடைவெளி விடுங்க, பின்னாடி பிரஷ் போற அளவுக்கு வழி இருக்கணும். தொட்டிக்கு அடியில தட்டு வைங்க, அந்தச் சுவருக்கு இன்னும் தண்ணி சேர வேண்டாம்.