பங்கீடா, பங்கா? நடுச் சோடிக்கு ஒரு பெயர்

எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு அணுக்கள் சேர்ந்து வைத்திருக்கிற இலத்திரன் சோடிக்குப் பயிற்சித்தாளில் என்ன பெயர் போடுவது, 'பங்கீட்டுச் சோடி'யா 'பங்குச்சோடி'யா என்பதுதான் எங்கள் கேள்வி. நேற்றிரவு வந்த பதில்களை எல்லாம் வாசித்தேன். பயிற்சித்தாள் வியாழன் காலை அச்சுக்குப் போக வேண்டும். அதற்கு முன் நான் ஏன் 'பங்குச்சோடி' என்பதில் நிற்கிறேன் என்று ஒருக்கால் விளக்கிவிடுகிறேன்.

தரம் 10 பிள்ளை ஒருவன் குளோரீன் மூலக்கூற்றை வரைந்தான். நல்ல படம். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்கள், வெட்டுகிற இடத்தில் ஒரு அணுவின் இலத்திரனுக்கு ஒரு புள்ளியும் மற்றதன் இலத்திரனுக்கு ஒரு புள்ளடியும் (×), வெளியே இரு பக்கமும் மும்மூன்று சோடி. பிறகு அந்த நடுச் சோடிக்குள்ளால் மேலிருந்து கீழாக ஒரு கோடு கீறி, இங்கே 7, அங்கே 7 என்று எழுதினான். ஒவ்வொரு குளோரீனின் வெளி ஓட்டிலும் எட்டு இலத்திரன் வரவேண்டுமே, அந்த எட்டு எங்கே என்று கேட்டேன். "பங்கீடு எண்டால் பிரிச்சுக் குடுக்கிறதுதானே ரீச்சர்?" என்றான். அவன் தமிழில் பிழை இல்லை. முன்பு சங்கக் கடைப் பங்கீட்டு அட்டை இருந்ததும் பிரித்துக் கொடுக்கத்தான். காணியைப் பங்கிட்டால் நடுவே வேலி வரும்.

ஐயா, பங்கீட்டில் உள்ள 'ஈடு' சமம் என்ற பொருள் தருகிறது, சம உரிமை அதற்குள்ளேயே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. கெடு கேடானது போலத்தான் பங்கிடு பங்கீடாயிற்று. முதனிலை திரிந்த தொழிற்பெயர், அதாவது இடு என்ற வினை நீண்டு ஈடு என்ற பெயராயிற்று. இடுகிற செயல் அதில் இருக்கிறது, சேர்ந்து வைத்திருக்கிற நிலை இல்லை.

வெறும் 'பங்கு' அப்படி இல்லை. எங்கள் ஊர்க் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கு என்று எழுதியிருக்கும். நாலு வளவுக்கு ஒரு கிணறு. அதை யாரும் நாலாக வெட்டுவதில்லை. நாலு வீட்டாரும் முழுக் கிணற்றையும்தான் "எங்கட கிணறு" என்பார்கள். நடுச் சோடியும் அதுவே. இரண்டு குளோரீனும் அந்த இரண்டு இலத்திரனையும் முழுதாகத் தன் கணக்கில் சேர்த்துத்தான் எட்டு வருகிறது. அமெரிக்க இரசாயனவியலாளர் லூயிஸ் 1916இல் சொன்னதும் இதைத்தான்: ஓர் இலத்திரன் இரண்டு அணுக்களின் ஓட்டிலும் இருக்கலாம், ஒன்றுக்கு மட்டும் உரியது என்று சொல்ல முடியாது. சிவனை உமை பங்கன் என்கிறோமே, அங்கேயும் உடல் ஒன்றுதானே என்று அக்கா எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது.

அமோனியாவுக்கு வந்தால் இன்னும் வசதி. மூன்று பங்குச்சோடி, நைதரசன் தனக்கே வைத்திருக்கிற ஒரு தனிச்சோடி. பிள்ளை விரல் வைத்து எண்ணலாம்.

கோயம்புத்தூர்த் தம்பிக்கு: இப்படிச் சோடியைச் சேர்ந்து வைத்திருக்கிற பிணைப்புக்கு உங்கள் பக்கத்துச் 'சகப்பிணைப்பு' சுருக்கமான சொல், சரி. ஆனால் இன்னோர் அமெரிக்க இரசாயனவியலாளர் லாங்மியர் 1919இல் ஆங்கிலத்தில் ஆக்கிய covalence என்ற சொல்லின் வேரில் வலிமை என்ற பொருள் உண்டு. எங்கள் 'பங்கீட்டு வலு' அந்த வலுவைக் காப்பாற்றியிருக்கிறது. பரீட்சைத் தாளிலும் அதுதான் வரும், ஆகவே பிணைப்பின் பெயரில் நான் கைவைக்கவில்லை. புள்ளடிக்குப் பதில் பெருக்கல் குறி என்று போடவும் மாட்டேன். இங்கே வாக்குச்சீட்டில் இடுவது புள்ளடிதான், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். புள் என்றால் பறவை, அதன் காலடி போன்ற குறி. இதைவிட நல்ல சொல் எங்கே கிடைக்கும்?

ஆங்கிலச் சொல்லையே வைத்தால் என்ன, மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த கிறீன் வைத்தியரே 1875இல் வந்த இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்றுதானே பெயர் வைத்தார் என்றார் அண்ணா. அது அவர் காலத்துத் தெரிவு. இன்று எங்களுக்குத் தமிழ்ச் சொல் இருக்கிறது.

இப்போதைக்கு ஐந்து பேர் பங்குச்சோடிக்குச் சரி என்றிருக்கிறீர்கள். ஐயா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தாளின் தலைப்பைப் 'பங்குச்சோடி வரிப்படம்' என்றே கொடுக்கப் போகிறேன்.

அண்ணாவின் மற்றக் கேள்வி மட்டும் மிச்சம். அமோனியாவோடு ஓர் ஐதரசன் அயன் சேர்ந்த அமோனியம் அயனில் ஒரு சோடியின் இரண்டு இலத்திரனையும் நைதரசனே கொடுக்கிறது, அதையும் பங்குச்சோடி என்பதா? ஒருவர் வெட்டிய கிணற்றில் பக்கத்து வளவுக்குப் பங்கு எழுதிக் கொடுத்தாலும் அது பங்குக் கிணறுதான் என்று எனக்குப் படுகிறது. ஐயா, இதில் உங்கள் எண்ணம் என்ன? புதன் இரவுக்குள் எழுதுங்கள்.