உதவித்தொகையில் படித்த நெல்லைப் பக்கத்து ஆட்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

முக்கூடல்காரி

எம்.ஏ., எம்.எஸ்சி., பிஎச்.டி. என்று உதவித்தொகையில் படித்தவர்கள், இப்போது படிக்கிறவர்கள், விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனவர்கள் எல்லோரும் எழுதலாம். எந்தத் திட்டத்தில் எவ்வளவு என்பது தேடினால் கிடைத்துவிடும். அதை வாங்கப் போனபோது யாரைப் பார்த்தீர்கள், காகிதம் எந்த மேசையில் நின்றது, பணம் வராத மாதங்களை எப்படித் தள்ளினீர்கள், அதெல்லாம் எழுதுங்கள். பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு அதுதான் தெரியவேண்டும்.

போன மாதம் ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறினேன். எதிர் சீட்டில் ஒரு பிள்ளை ரெக்கார்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தண்டின் குறுக்குவெட்டைப் பென்சிலால் செல் செல்லாக வரைந்துகொண்டிருந்தாள். வண்டி ஆடும்போது கையை எடுத்துவிடுவாள், நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். நானும் தாவரவியல் படித்தவள், கேட்காமல் இருக்க முடியவில்லை. பாவூர்சத்திரம் பக்கம் ஊர், பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. முதலாண்டு, அம்மா பீடி சுற்றுகிறார், கல்லூரிக் கட்டணத்துக்கு மகளிர் குழுவில் கடன் எடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகை வாங்கியிருக்கிறாள். "அது அப்பவே முடிஞ்சிட்டுக்கா, பெரிய படிப்புக்கெல்லாம் தரமாட்டாங்க" என்றாள்.

பட்டமேற்படிப்புக்கு யூஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு தருகிற தேசிய உதவித்தொகை மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்கு 10 மாதம், இரண்டு ஆண்டுக்கும் உண்டு, நாடு முழுக்க 10,000 பேருக்குத் தருகிறார்கள், அதில் 30 சதவீதம் பெண்களுக்கு, முதலாண்டில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும் என்று சொன்னேன். அவள் பீடி உதவித்தொகைக்குப் போட்ட அதே தேசிய உதவித்தொகைத் தளத்தில்தான் இதற்கும் விண்ணப்பம். கேட்டுக்கொண்டே இருந்தவள் சேரன்மகாதேவி தாண்டியதும் மெதுவாக, "இதுக்கு யாருக்காவது துட்டு குடுக்கணுமாக்கா?" என்றாள். ஒரு பைசா தரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அப்படிக் கேட்கும்படி ஒரு பிள்ளை வளர்ந்திருக்கிறாள் என்பது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு என்றால் வாத்தியார் வேலைக்கு மட்டும் என்றும் நினைத்திருந்தாள். அதில் ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் ஆராய்ச்சி செய்ய மாதம் 37,000 ரூபாய் வரும், இரண்டு ஆண்டு கழித்து முதுநிலைக்கு உயர்ந்து எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000 என்று சொன்னபோது நோட்டை மூடி வைத்துவிட்டாள். ஜேஆர்எஃபுக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. 2024 ஜூன் முதல் நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேர்க்கைக்கும் போகலாம், ஜேஆர்எஃப் கிடைக்காதவர்களுக்கும் அந்த வழி இருக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்துச் சேர்ந்தால் கையில் பணம் வராது, ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தவும் வேண்டும். இதையெல்லாம் வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில் கல்லூரியிலேயே சொல்லவேண்டாமா? சொல்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஆசிரியரின் வகுப்பில் உட்காரும் அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

பாளை விலங்கியல்

அக்கா சொன்ன 37,000 உண்மைதான். அது மாதா மாதம் வரும் என்று நம்பி யாரும் வீடு பிடித்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஜேஆர்எஃப் வந்தபோது எங்கள் தெருவில் பிளெக்ஸ் வைத்தார்கள். சேர்ந்து பல மாதம் வரை கணக்கில் ஒரு ரூபாய் ஏறவில்லை. அது நடக்கும் விதம் இப்படி. கைடு, அதாவது ஆராய்ச்சி வழிகாட்டி, துறைத்தலைவர் இருவர் கையெழுத்தோடு நாம் சேர்ந்துவிட்டோம் என்ற அறிக்கை போகவேண்டும், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும், அப்புறம் நாம் அந்த மாதம் ஆராய்ச்சியில்தான் இருந்தோம் என்று நிறுவனம் ஒவ்வொரு மாதமும் கனரா வங்கித் தளத்தில் உறுதிசெய்ய வேண்டும். அதற்கு இரண்டு பேர். ஒருவர் மேக்கர், அவர் பதிவேற்றுவார், இன்னொருவர் செக்கர், அவர் ஒப்புதல் தருவார். இரண்டு பேரில் ஒருவர் விடுப்பில் போனாலும் அந்த மாதம் நின்றுவிடும். நான் படித்த இடத்தில் செக்கருக்கு மாற்றல் வந்து, புது ஆளுக்குக் கடவுச்சொல் வாங்குவதற்குள் ஒரு பருவமே முடிந்துவிட்டது. யார் மேலும் கோபம் இல்லை, அந்த மேசையில் இருந்தவருக்கு இந்த வேலை பத்தோடு பதினொன்று. எங்களுக்கு அதுதான் சாப்பாடு.

அந்த நாட்களில் என்னைக் காப்பாற்றியது அலுவலகத்தில் தற்காலிகமாக வேலை பார்த்த ஓர் அக்கா. எங்கள் எல்லோருடைய பெயரையும் ஒரு நீளமான கணக்கு நோட்டில் எழுதி, மாதத்துக்கு ஒரு கட்டம் போட்டு, உறுதிசெய்தால் பச்சை மை, நின்றால் சிவப்பு மை என்று குறித்து வைத்திருப்பார். சிவப்பு விழுந்த அன்றே போன் வரும். "தம்பி, ஒங்க கைடு கையெழுத்து விட்டுப்போச்சு, சாயங்காலத்துக்குள்ள கொண்டாங்க." அவர் செய்யவேண்டிய வேலையே இல்லை அது. அவர் இருந்த வரை எங்கள் பக்கத்துக் காகிதம் விட்டுப்போய் யாருக்கும் ஒரு மாதம்கூட விடுபடவில்லை.

பணம் வந்தபோது மொத்தமாக வந்தது. மெஸ் கடன், சித்தப்பாவிடம் வாங்கியது, ரசாயனக் கடையில் நின்ற பில், எல்லாம் ஒரே நாளில் அடைத்தேன். ஆராய்ச்சிச் செலவுக்கென்று தனியாகத் தருகிற கண்டின்ஜென்சி அறிவியலுக்கு முதல் இரண்டு ஆண்டு வருடம் 12,000, அதற்குப் பின் 25,000, கலைப் பாடங்களுக்கு 10,000, பின்பு 20,500. விடுதியில் இடம் தராவிட்டால் வீட்டு வாடகைப்படியும் கேட்கலாம், அதை நிறையப் பேர் கேட்பதே இல்லை. பில்களைத் தேதி வாரியாக ஒட்டி வையுங்கள். இரண்டாம் ஆண்டு முடிகிறபோது எஸ்ஆர்எஃப் மதிப்பீட்டுக் குழு கூடவேண்டும், வெளியிலிருந்து ஒரு நிபுணர் வரவேண்டும், அவருடைய தேதியை மூன்று நான்கு மாதம் முன்பே கைடிடம் சொல்லி வாங்கிவிடுங்கள். தள்ளிப்போனால் பழைய தொகையிலேயே ஓட்டவேண்டியதுதான்.

வள்ளியூர்

என் விஷயம் சான்றிதழ். நாங்கள் தாத்தா காலத்திலிருந்து கிறிஸ்தவர்கள். ஊரில் எங்களை எந்தத் தெருவில் வைத்திருக்கிறார்கள் என்பதில் மதம் எதையும் மாற்றவில்லை, சான்றிதழில் மட்டும் மாற்றிவிட்டது. மதம் மாறிய ஆதிதிராவிடர் என்பதால் பி.சி. என்றுதான் வரும். அதனால் எஸ்.சி. மாணவர்களுக்கு மத்திய அரசு தருகிற தேசிய ஃபெல்லோஷிப்புக்கு எங்களால் போட முடியாது. ஓ.பி.சி. என்கிற பிற பிற்படுத்தப்பட்டோர் ஃபெல்லோஷிப்புக்குப் போடலாம், அதற்கு மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், பள்ளிக்கூடத்தில் வாங்கி வைத்த பி.சி. அட்டை செல்லாது.

இ-சேவையில் பதிந்துவிட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர், "ஒனக்குத்தான் ஏற்கெனவே சர்ட்டிபிகேட் இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?" என்றார். படிவத்தைக் காட்டினேன். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர் என்றதும், "சம்பளக்காரன் மகனுக்குக் கிடையாது" என்று திருப்பி நீட்டினார். ஓ.பி.சி.யில் வசதியானவர்களை விலக்குகிற கிரீமிலேயர் வரம்பு 8 லட்சம் ரூபாய், ஆனால் அதைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. 1993இல் வந்த மத்திய அரசு ஆணையிலேயே இருக்கிறது. அதை அச்செடுத்து அடுத்த நாள் கொண்டுபோனேன். முன்னால் நின்றவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு அவர் அதை வரி வரியாக விரல் வைத்துப் படித்தார், பெரியவரிடம் கொண்டுபோனார், திரும்பி வந்து "ஒக்காருப்பா" என்றார். அன்றைக்கே கையெழுத்தானது. எனக்குப் பின்னால் நின்ற பையனும் அதே காகிதத்தைக் கேட்டு வாங்கி நகலெடுத்துக்கொண்டான். எனவே ஆணையின் நகல் இல்லாமல் யாரும் போகாதீர்கள்.

இன்னொன்று, இது எங்கள் ஆட்களுக்கே தெரிவதில்லை. முழுநேர பிஎச்.டி. படிக்கிற ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது, அதில் மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடரும் உண்டு. வெளிநாடு போய்ப் படிக்கிறவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் ஆண்டுக்கு 36 லட்சம் வரை கிடைக்கும், அதிலும் நாங்கள் உண்டு. மத்திய அரசு மூடிய கதவை மாநில அரசு திறந்து வைத்திருக்கிறது. சபையில் ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசிக்கும்போது இதையும் சேர்த்து வாசியுங்கள் என்று எங்கள் போதகர் ஐயரிடம் கேட்டேன், வாசித்தார்.

மேலப்பாளையம்

எங்களைப் போன்ற சிறுபான்மையினர் ஆராய்ச்சி செய்ய மத்திய அரசின் மௌலானா ஆசாத் ஃபெல்லோஷிப் இருந்தது. 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டோம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள், அந்த ஆண்டிலிருந்து புதிதாக யாருக்கும் கிடையாது. அதை நம்பி எம்.ஏ. முடித்த என் தங்கை இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள், ராத்திரி உட்கார்ந்து நெட்டுக்குப் படிக்கிறாள். முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் வைத்த தேர்வை எழுதியவர்கள் இங்கே யாராவது இருந்தால் எப்படிப் படித்தீர்கள் என்று எழுதுங்கள், அவளுக்கு உதவும்.

அம்பை, ஓய்வுபெற்ற பேராசிரியர்

நான் மறுபக்கத்து ஆள், கைடாக இருந்தவன். எல்லாவற்றையும் வாசித்தேன். தங்கைக்கு என்று கேட்ட மேலப்பாளையத்துத் தம்பிக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நெட் இல்லாமல் பிஎச்.டி. சேருகிறவர்களுக்கு யூஜிசி தருகிற மாதம் 8,000 ரூபாய் மத்தியப் பல்கலைக்கழகங்களில் மட்டும்தான். நம் அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமோ அதோடு இணைந்த கல்லூரிகளோ அதில் வராது. அதனால் கையில் எதுவும் இல்லாமல் முழுநேரமாகச் சேர்ந்துவிடாதீர்கள்.

என்னிடம் அப்படிச் சேர்ந்த ஒரு பையன் இருந்தான். களக்காடு மலையடிவாரத்து ஊர். பறவைகளைக் குரலை வைத்தே சொல்லிவிடுவான், கூந்தன்குளத்தில் விடியற்காலை அவனோடு நின்றால் நான்தான் மாணவன். உதவித்தொகை இல்லை. இரண்டாவது ஆண்டில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், திருப்பூருக்குக் கணக்கெழுதப் போய்விட்டான். பைனாகுலரை மட்டும் துடைத்து உறையில் போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு திட்டப்பணி நிதி கையில் இல்லாமல் நான் ஒருவரையும் சேர்த்துக்கொண்டதில்லை. திட்டத்தில் ஆராய்ச்சி உதவியாளராக முதலில் சேருங்கள், சம்பளம் வரும், கருவியும் பழகும், அதிலேயே நெட் எழுதலாம்.

அறிவியல் பாடத்தில் பல்கலைக்கழக முதல் ரேங்க் எடுத்தவர்கள் மத்திய அரசின் இன்ஸ்பையர் ஃபெல்லோஷிப்பை மறந்துவிடவே கூடாது, ஜேஆர்எஃப் அளவு பணம், நெட் தேவையில்லை. வயது 27க்குள் இருக்கவேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குத் தளர்வு உண்டு. நம் கிராமத்துக் கல்லூரிகளிலிருந்து முதல் ரேங்க் எடுக்கிற பிள்ளைகள் பதக்கம் வாங்கி, போட்டோ எடுத்து, பி.எட். சேர்ந்துவிடுகிறார்கள். ரேங்க் சான்றிதழைத் தேர்வுத்துறையில் எழுதிக் கேட்டால்தான் தருவார்கள், பட்டமளிப்பு விழா வரை காத்திருந்தால் அந்த ஆண்டு விண்ணப்பமே முடிந்துவிடும். ரிசல்ட் வந்த வாரத்திலேயே போய் எழுதிக் கொடுங்கள்.

முக்கூடல்காரி

சார், அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான்? 30 தாண்டவில்லை என்றால் ஜேஆர்எஃபுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. என்றால் 35 வரை இருக்கிறது. மணிமுத்தாறு பக்கம் களப்பணிக்கு ஆள் தேடுகிற திட்டக்காரர்களை எனக்குத் தெரியும். அவனுடைய எண் உங்களிடம் இருந்தால், அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எனக்குத் தனியாக அனுப்புங்கள்.