வட்டவடை (மூணாறு பக்கத்து மலைக் கிராமம்): விறகு ஹீட்டர் புகை உள்ளேயே திரும்புது, குழாயில் கருப்புத் தண்ணி ஒழுகுது

கேள்வி:
தகரக் கூரை வீடு. ஹீட்டரின் புகைவாய் 6 இஞ்ச். ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) குழாயைச் சுவர் வழியா 5 அடி படுக்கையா விட்டு, இறவாரத்துக்குக் கீழேயே முடிச்சிருக்கு. பற்ற வைச்சதும் அறை முழுக்கப் புகை. காத்து அடிச்சா நடுவிலும் திரும்புது. இணைப்புகளில் தார் மாதிரி சொட்டுது. விறகு கிராண்டிஸ் (ஒரு வகை யூக்கலிப்டஸ்). எதை மாத்தணும்?

பதில் 1:
சரி பண்ற வரைக்கும் தயவுசெய்து தணலை வெச்சுட்டுத் தூங்காதீங்க. புகை கண்ணுக்குத் தெரியும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. புகை அடங்கின தணலில் இருந்தும் வரும். தலைவலி, குமட்டல் தெரிஞ்சா எல்லாரும் உடனே வெளியே வந்துடுங்க.

புகையை இழுக்கிறது செங்குத்தா நிக்கிற சூட்டுக்காத்துதான். உங்க குழாயில் அந்த உயரமே இல்ல. ஹீட்டரில் இருந்து நுனி வரை 15 அடியாவது வேணும். கூரையைத் தாண்டி 3 அடி. 10 அடி தூரத்துக்குள் இருக்கிற கூரை, சுவர் எதைவிடவும் 2 அடி உசரம். படுக்கைக் குழாய் தவிர்க்க முடியலைன்னா அடிக்குக் கால் இஞ்ச் ஏத்தம் கொடுங்க. ஜி.ஐ. வேண்டாம், சூட்டில் துத்தநாகப் பூச்சு நச்சுப் புகை விடும். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்க.

பதில் 2:
அந்தக் கருப்புத் தண்ணி கிரியோசோட். ஈர விறகின் ஆவியும் தாரும் குளிர்ந்த குழாயில் படியுது. வெளியே நிக்கிற பகுதிக்கு நடுவில் ராக்வூல் (சூடு தாங்கற பாறை இழை) வெச்ச இரட்டைச் சுவர்க் குழாய்தான் சரி. குழாயின் ஒடுங்கின முனை கீழே பார்க்கணும். புகை மேலே போகுதேன்னு தலைகீழா மாட்டிடறாங்க, அதான் வெளியே ஒழுகுது. இணைப்புக்கு 3 ஸ்க்ரூ. கிராண்டிஸைப் பிளந்து, மேலே மட்டும் மூடி, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர்ற வரை காய வைங்க. படிவு 3 மி.மீ. ஆனதும் பிரஷ் போடணும். விட்டா குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும்.

கேட்டவர்:
நன்றிண்ணே. கூரைக்கு அடியில் மர ரீப்பர் (தகரத்தைத் தாங்கற சட்டம்) ஓடுது. 4 இஞ்ச் தள்ளிக் கொண்டுபோனா போதுமா?

பதில் 1:
ஒற்றைத் தகட்டுக் குழாய்னா போதாது, 18 இஞ்ச் வேணும். தினமும் சூடேறுற மரம் கொஞ்சம் கொஞ்சமாக் கருகி, குறைஞ்ச சூட்டிலேயே பத்திக்கும். கூரையைத் தாண்டுற இடத்திலும் இரட்டைச் சுவர்க் குழாயே போடுங்க. அதுக்குப் பொதுவா 2 இஞ்ச் இடைவெளி போதும், வாங்குற குழாயோட குறிப்பையும் பார்த்துக்குங்க. ஓட்டையைச் சுத்தி சூடு தாங்கற சிலிகோன் பூட் (மழைத்தண்ணி இறங்காம மூடற உறை) போடுங்க.

பதில் 2:
குழாய் மாத்தினாலும் குளிர்ந்த காலையில் முதல்ல ஒரு செய்தித்தாளைச் சுருட்டி, புகைவாய்க்குப் பக்கத்தில் எரிச்சு இழுவை வந்ததும் விறகு வைங்க. ஜன்னலை ஒரு இஞ்ச் திறந்தே வைங்க.