ஒரே மாடல் டிரக், நண்பனுக்கு 2,900, எனக்கு 2,100 பவுண்டு. ஏன்?

ஹூஸ்டன்_குமரன்:
அவசரம், சனிக்கிழமைக்குள் முடிவு சொல்லணும். கேம்பர் (பின்னால் இழுத்துப் போகும் வீட்டு டிரெய்லர்) இழுக்கத்தான் பழைய டீசல் பிக்கப் ஒன்று வாங்கினேன். கதவோர மஞ்சள் ஸ்டிக்கரில் ஆளும் சரக்கும் சேர்த்து 2,100 பவுண்டுதான் என்கிறது, நண்பனின் இதே வண்டியில் 2,900. கேம்பர் கடைக்காரர் தயங்குகிறார். ஏமாந்துவிட்டேனா?

செல்வி_ஆஸ்டின்:
என்ன வண்டி, எந்த வருஷம்? கேம்பர் எடை என்ன, பின்னால் கொக்கியா, டிரக் தொட்டிக்குள் மாட்டும் ஃபிஃப்த் வீலா?

டயர்_மணி:
டயர்தான். முந்தின ஓனர் மலிவு டயர் மாட்டியிருப்பார். அதிக எடை தாங்கும் 10 பிளை போடுங்க, தீர்ந்தது.

பழைய_மெக்கானிக்:
டயர் மாற்றினால் ஸ்டிக்கரும் மாறுமா மணி? குமரன், இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் எழுதுவது, பழைய இழைகளை யாரும் படிப்பதே இல்லை. பக்கத்து லேபிளில் ஜிவிடபிள்யூஆர் என்று இருக்கும், வண்டியும் ஆளும் சரக்கும் சேர்ந்து தாண்டக் கூடாத மொத்த எடை. எவ்வளவு?

ஹூஸ்டன்_குமரன்:
10,000. ஃபோர்டு எஃப்-250, 2021. கேம்பர் 12,000, ஃபிஃப்த் வீல்.

பழைய_மெக்கானிக்:
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? நண்பருடையது 10,800 இருக்கும். உங்கள் வண்டியின் முதல் ஓனர் இந்த எண்ணை 10,000 என்று குறைத்துப் போடும் பேக்கேஜ் எடுத்திருக்கிறார், சில மாநிலங்களில் பதிவுக் கட்டணம் இந்த எண்ணைப் பார்த்துத்தான். வண்டியே 7,900 எடை, கழித்தால் 2,100. இரண்டு வண்டியின் இரும்பும் பெரும்பாலும் ஒன்றுதான், பின் அச்சு தாங்கும் எடை எண்ணை இரண்டு லேபிளிலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

செல்வி_ஆஸ்டின்:
ஃபிஃப்த் வீல் என்றால் சுமார் 20 சதவீத எடை டிரக் மேல் இறங்கும், அதாவது 2,400. ஆள் ஏறும் முன்பே தாண்டியாச்சு. நண்பர் வண்டியிலும் 500தான் மிச்சம், அதில் கேம்பரை மாட்டும் ஹிட்ச், குடும்பம், நாய் எல்லாம்.

டயர்_மணி:
பின் ஸ்பிரிங்குக்கு ஏர் பேக் போட்டால்?

செல்வி_ஆஸ்டின்:
பின்பக்கம் தொங்காது, அவ்வளவுதான். எண் அப்படியே இருக்கும்.

டாலஸ்_ராஜன்:
நண்பரும் மாட்டுவார் பாருங்கள், 10,000 தாண்டினால் டிஓடி நம்பர் (போக்குவரத்துத் துறையின் பதிவு எண்) வேண்டும்.

பழைய_மெக்கானிக்:
தொழிலுக்கு ஓட்டினால்தான். குடும்பத்தோடு கேம்ப் போகிறவருக்கு எதற்கு?

டாலஸ்_ராஜன்:
என் மச்சானை நிறுத்தி ஃபைன் போட்டார்களே.

பழைய_மெக்கானிக்:
மச்சான் என்ன வேலை?

டாலஸ்_ராஜன்:
புல்வெட்டும் கம்பெனி. அது சரி, இந்த வண்டிகளில் மைலேஜ் ஸ்டிக்கரே ஒட்டுவதில்லையே, அதுவும் இதனால்தானே?

செல்வி_ஆஸ்டின்:
அது ஜிவிடபிள்யூஆரில் 8,500 பவுண்டுக் கோடு, வேறு சட்டம். எல்லாவற்றையும் ஒரே சாம்பாரில் போடாதீங்க.

ஹூஸ்டன்_குமரன்:
பின் அச்சு எண் இரண்டிலும் ஒன்றுதான். சின்ன கேம்பர் பார்க்கிறோம். நன்றி.

டயர்_மணி:
டயர் என்ன போட்டிருக்கு, சொல்லவே இல்லையே?