மேரி ஸ்க்ராண்டன் பற்றி ஒரு உதவி

வணக்கம் நண்பர்களே. பள்ளி ஆண்டு விழாவுக்கு மேரி ஸ்க்ராண்டன் பற்றி ஒரு சின்ன நாடகம் எழுதுகிறேன். அமெரிக்காவிலிருந்து ஐம்பது வயதுக்கு மேல் கொரியா போய், 1886-இல் சியோலில் ஒரே ஒரு மாணவியோடு பெண்கள் பள்ளி தொடங்கியவர். இன்றைய ஈஹ்வா பல்கலைக்கழகத்துக்கு அதுதான் தொடக்கம். ஏழைப் பெண் ஒருத்தியைச் சேர்த்தபோது, வெள்ளைக்கார அம்மா பிள்ளையைக் கடத்திவிடுவார் என்று பேச்சு கிளம்பியது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் நாட்டைவிட்டு அழைத்துப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தாராம்! அந்தக் காட்சியைத்தான் மேடையில் கொண்டுவரப் போகிறேன்.

அந்தக் காலத்தில் ஏழை வீட்டுச் சிறுமி என்ன உடுத்தியிருப்பாள்? வீட்டுக்குள் பாயா, திண்ணையா? கொரியாவில் இருப்பவர்கள், இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். பழைய புகைப்படம் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்புறம், சினிமா பட்டுடை மட்டும் வேண்டாம்.