மூளைக் கட்டியில் ‘செல்லுக்குள் போக்குவரத்து’ என்கிறார்களே, அது என்ன?

சோடாக்கடை மகள் (திருப்பாதிரிப்புலியூர்):
அப்பாவுக்கு 58 வயது. போன மாதம் புதுச்சேரியில் தலையில் ஆபரேஷன் முடிந்தது, பயாப்சியில் கிளையோபிளாஸ்டோமா, கிரேடு 4 என்று வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் ஈஜிஎஃப்ஆர் அதிகம் என்று ஒரு வரி. நுரையீரல் புற்றுநோயில் இதே ஈஜிஎஃப்ஆரை அடக்க மாத்திரை இருக்கிறதாமே, அப்பாவுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டேன். மூளையில் அது கைகொடுக்கவில்லை என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து ஏன் என்று தேடினால் எண்டோசோம், என்எச்இ9, போக்குவரத்துப் புரதம் என்று போகிறது. நான் பி.காம். செல்லுக்குள் என்ன போக்குவரத்து, அதற்கும் கட்டி வளர்வதற்கும் என்ன சம்பந்தம்?

புதுவை உயிர்வேதியியல்:
அப்பா சோடா போடுகிறவர் என்றால் பாட்டிலை வைத்தே சொல்கிறேன்.

ஈஜிஎஃப்ஆர் என்பது செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு வாங்கி. வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டியதும் ‘பெருகு’ என்று உள்ளே தகவல் கொடுக்கும். கொடுத்த பிறகும் அது அங்கேயே நின்றால் ஆபத்து, அதனால் செல் அதை ஒரு சின்னப் பையில் உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தப் பைதான் எண்டோசோம். கடைகளிலிருந்து காலி பாட்டில் திரும்பி வந்து இறங்குகிறதே, அந்த இடம் மாதிரி. நல்லதைக் கழுவி மறுபடி கடைக்கு அனுப்புவீர்கள், கீறல் விட்டதை உடைக்கப் போடுவீர்கள். செல்லில் உடைக்கும் இடம் லைசோசோம். பிரித்து அனுப்பும் ஆட்கள்தான் போக்குவரத்துப் புரதங்கள்: உள்ளே வந்ததை ரேப்5 கவனிக்கும், ரேப்11 மேலே திருப்பி அனுப்பும், ரேப்7 லைசோசோம் பக்கம் தள்ளும். (இந்தப் பைகள் எப்படிச் சரியான இடத்துக்குப் போய்ச் சேருகின்றன என்று கண்டுபிடித்ததற்குத்தான் 2013 மருத்துவ நோபல்.)

எது எந்தப் பக்கம் போகும் என்பதில் பைக்குள் இருக்கும் அமிலத்துக்கும் பங்கு உண்டு. பை உள்ளே போகப் போக அதன் பிஎச் (அமிலம் ஏற ஏற இந்த எண் குறையும்) 6 சொச்சத்திலிருந்து 5 வரைக்கும், அதற்குக் கீழேயும் இறங்க வேண்டும். என்எச்இ9 அந்தப் பையின் சுவரில் இருக்கும் ஒரு கசிவு வழி, அமிலத்தை உண்டாக்கும் புரோட்டானை வெளியே விட்டுவிடும். அது அளவுக்கு மேல் இருந்தால் பையில் அமிலம் ஏறாது, உடைபட வேண்டிய ஈஜிஎஃப்ஆர் மேலேயே நின்று ‘பெருகு பெருகு’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ராஜினி ராவ் குழு 2015இல் இதை வெளியிட்டது. கட்டியைத் தொடங்கும் செல்களில் என்எச்இ9ஐ அடக்கியபோது அவை உருண்டையாகத் திரள்வது குறைந்தது, ஈஜிஎஃப்ஆர் மாத்திரையும் கூடுதலாக வேலை செய்தது. வாங்கியின் வாயை அடைப்பதைவிட அதை உடைக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது என்ற இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

மாத்திரை கைகொடுக்காததற்கு வேறு காரணங்களும் உண்டு. நுரையீரலில் ஈஜிஎஃப்ஆரின் உள்பக்கம் மாறியிருக்கும், மாத்திரை போய் உட்காருவதும் அங்கேதான். மூளைக் கட்டியில் பெரும்பாலும் வெளிப்பக்கம் மாறுகிறது. அப்படி மாறிய ஒரு வகை, ஈஜிஎஃப்ஆர்விIII என்பார்கள், உள்ளே இழுபடுவதே குறைவு. போதாததற்கு ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டி மருந்து போக வேண்டும்.

பாகூர்க்காரன்:
லைசோசோமில் வேலை செய்யும் மருந்து குளோரோகுயின் என்று படித்தேனே. மலேரியா மாத்திரைதானே, விலையும் குறைவு. கேட்டுப் பார்க்கலாமே?

புதுவை உயிர்வேதியியல்:
வேண்டாம் சார், தயவுசெய்து யாரும் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். குளோரோகுயின் அமிலத்தைக் குறைக்கும், நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். அதன் உறவுக்கார மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினை வேறொரு காரணத்துக்காக, ரேடியேஷனோடும் டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரையோடும் சேர்த்து கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை, 800 மில்லிகிராமில் ரத்த அணுக்கள் மோசமாகக் குறைந்தன. என்எச்இ9 இன்னும் ஆய்வகத்து விஷயம்தான் தங்கச்சி, அப்பாவுக்கு இன்றைக்குக் கொடுக்க அதில் மருந்து கிடையாது. இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

நெல்லிக்குப்பம் அக்கா:
என் வீட்டுக்காரருக்கும் இதே நோய், அதனால் சொல்கிறேன். ரிப்போர்ட்டில் எம்ஜிஎம்டி மெத்திலேஷன் (கட்டியில் எம்ஜிஎம்டி என்ற மரபணு அணைந்திருக்கிறதா என்ற சோதனை) பார்த்திருக்கிறார்களா என்று கேளும்மா. அது இருந்தால் டெமோசோலோமைடு நன்றாகக் கேட்கும். வீக்கத்துக்கு டெக்சாமெதாசோன் கொடுத்திருந்தால் சர்க்கரையை அடிக்கடி பார், எங்களுக்கு அது திடீரென்று ஏறிவிட்டது. வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட விடாதே. ரேடியேஷன் ஆறு வாரம், தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வருவது நோயாளிக்கு முடியாது. பக்கத்திலேயே ஒரு ரூம் பார்த்துவிடு.

சோடாக்கடை மகள்:
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. பாட்டில் கதையை அப்பாவிடம் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், கடைசியில் “அப்போ கீறல் பாட்டிலை எவனோ திரும்பத் திரும்பக் கடைக்கு அனுப்புறானா?” என்றார். ஆமாம்ப்பா என்றேன். திங்கட்கிழமை ரேடியேஷனின்போது தலை அசையாமல் இருக்கப் போடும் மாஸ்க்குக்கு அளவு எடுக்கிறார்கள், எம்ஜிஎம்டியை அன்றைக்கே கேட்டுவிடுகிறேன். ஆஸ்பத்திரி பக்கம் வாடகைக்கு ரூம் தெரிந்தால் யாராவது சொல்லுங்கள், நாங்கள் இரண்டு பேர்தான்.